ஓதம் போன பிறகே வண்ணம்

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது நம் பக்கத்து வழக்கம். கம்பைநல்லூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மார்கழி பிறந்துவிட்டால் ஏணியும் வாளியும் தெருவில் தென்படத் தொடங்கும். சுண்ணாம்பின் இடத்தை டப்பாவில் வரும் எமல்ஷன் வண்ணம் இப்போது பெருமளவு பிடித்துக்கொண்டாலும், பெயர் மாறவில்லை. வெள்ளை அடித்தோம் என்றே இன்றும் சொல்கிறோம். மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் போதும், பேறுகாலத்துக்கு மகள் தாய்வீடு வரும் போதும் இதே ஏற்பாடுதான் நடக்கிறது. அவருக்கென்று ஓர் அறையை ஒழித்து, கறை படிந்த சுவருக்குப் புது வண்ணம் பூசுகிறார்கள். அன்பினால் செய்யப்படும் வேலை அது. ஆனால் ஈரம் உலராத சுவரில் அதைச் செய்தால், சில மாதங்களில் அந்தப் புது வண்ணத்தின் மேலேயே கருப்புப் புள்ளிகள் மீண்டும் எழும்பும். அந்த அறையில் படுத்திருப்பவர் இளைப்பு நோய் உள்ளவராக இருந்தால் அதற்குள் அவர் இருமலும் கூடியிருக்கக்கூடும்.

சுவரில் ஊறி நிற்கும் ஈரத்துக்கு ஓதம் என்ற நல்ல சொல் நம்மிடம் உண்டு. அந்த ஓதத்தில் வளர்வது பூசணம். நூல்கள் அதைப் பூஞ்சை என்கின்றன. பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியவை; எவ்வளவு பெருக்கித் துடைத்தாலும் அவற்றை முற்றிலும் நீக்க இயலாது. அவற்றுக்கு வேண்டிய வெப்பம் நம் ஊரில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. தீனியும் இருக்கிறது: செங்கல்லும் சிமெண்டும் அவற்றுக்கு உணவாவதில்லை, வண்ணத்தில் கலந்துள்ள பசைப்பொருள்கள், சுவரில் படியும் தூசி, சமையல் எண்ணெய்ப் புகை ஆகியவையே போதும். எனவே நம் கையில் எஞ்சியிருக்கும் ஒரே கடிவாளம் தண்ணீர்தான். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிச் சில நாட்கள் நீடித்தால் வித்து முளைக்கும். சுவர் உலர்ந்திருந்தால் முளைக்காது. வண்ணத்தின் விலையோ, நிறமோ, டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் உறுதிமொழியோ இதை மாற்றுவதில்லை.

சுவரில் தெரியும் கறை எல்லாம் பூசணமும் அல்ல. நம் மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புச் சுவையுடையது. அந்த நீரில் கட்டிய சுவரில், அடியிலிருந்து ஈரம் ஏறி உலரும் இடத்தில் வெண்மையாக உப்புப் பூக்கும். வண்ணம் பொரிந்து உதிரும். விரலில் எடுத்துத் தண்ணீரில் விட்டால் உப்புக் கரைந்துவிடும், பூசணம் கரையாது. வெயில் படும் வெளிச்சுவரில் பச்சையாக வழுக்கும் படிவு பாசி. உப்பும் பாசியும் நுரையீரலுக்குப் பெரிய கேடு செய்வதில்லை என்றாலும், அங்கே ஓதம் இருப்பதற்கு அவை சாட்சி. கருப்பு, கரும்பச்சை, சாம்பல் நிறங்களில் புள்ளி புள்ளியாகத் தோன்றி, வட்டமாகப் பரவி, மண் வாசனை போன்ற புழுங்கிய நாற்றம் தருவதே பூசணம். சில வேளை கறை கண்ணுக்கு முன் இருக்காது; பீரோவின் பின்னால், சுருட்டிச் சாத்திய பாய்க்குப் பின்னால், கட்டில் தலைமாட்டில் இருக்கும். நாற்றம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

யாருக்கு எவ்வளவு கேடு

உடல்நலம் உள்ளவர்கள் பலர் இத்தகைய அறையில் ஆண்டுக்கணக்கில் படுத்து எழுந்து, ஒரு தும்மலோடு தப்பிவிடுகிறார்கள். அதனால்தான் நோயாளியின் குறையை வீட்டார் நம்பத் தயங்குகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர், பீடியாலோ விறகடுப்புப் புகையாலோ நுரையீரல் கெட்டவர், கைக்குழந்தை ஆகியோர் நிலை வேறு. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சு தொடர்பான தொல்லைகளும் சுவாசத் தொற்றுகளும் மிகுதியாக ஏற்படுகின்றன, ஆஸ்துமா மோசமாகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூலில் உறுதிப்படுத்தியிருக்கிறது. இவ்வளவு பூசணம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று அது அளவு எதுவும் வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுக்க வேண்டும், வந்துவிட்டால் சரிசெய்ய வேண்டும் என்பதே அதன் முடிவு.

இன்னொரு வகையினரும் உண்டு. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பட்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்கள் ஆகியோருக்கு எதிர்ப்பாற்றல் தாழ்ந்திருக்கும். மற்றவர்களுக்கு ஒவ்வாமையோடு நிற்கும் பூஞ்சை இவர்களிடம் நுரையீரலுக்குள்ளேயே தொற்றாக முடியலாம். முன்பு காசநோய் வந்து குணமானவர்களில் சிலருக்கு நுரையீரலில் குழிவு தங்கிவிடும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை அக்குழிவில் குடியேறிப் பந்துபோல் திரளலாம். இருமும் போது இரத்தம் வருவது அதன் அடையாளங்களுள் ஒன்று. இப்பூஞ்சை சுவரில் மட்டும் வாழ்வதன்று. மக்கிய வைக்கோலிலும் ஈரம் உலராத தானியத்திலும் அதிகம் உண்டு. ஆகவே நோயாளி படுக்கும் அறையின் மூலையில் நிலக்கடலை மூட்டைகளை அடுக்குவதும் வேண்டாம்.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின் போது கருப்புப் பூஞ்சை என்ற பெயர் ஊரெங்கும் அச்சத்தைப் பரப்பியது. சுவரில் கருப்பாக இருப்பது அதுதானா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அன்று பேசப்பட்டது மியூகார்மைகோசிஸ் என்னும் நோய். நோயுற்ற சதைக்கு இரத்த ஓட்டம் நின்று அது கருகுவதால் அந்தப் பெயர் வந்தது. பூஞ்சையின் நிறத்தால் அன்று. கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தின் மிகுபயன்பாடும் அதற்கு வழி திறந்தன. வீட்டுச் சுவரில் நாம் காணும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்றவை வேறு இனங்கள். ஆகவே அச்சம் வேண்டாம். அதற்காக அலட்சியமும் வேண்டாம்.

அலட்சியத்துக்கு உலகம் அறிந்த ஒரு சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் மூச்சுக்குழல் நோயால் இறந்தது. வீட்டில் நீண்ட காலம் பூசணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு செய்தது. குழந்தை பிறப்பதற்கு முன்பே, 2017இல், தந்தை பூசணத்தைப் பற்றி முறையிட்டிருந்தார். அதன் மேல் வண்ணம் பூசிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. குறித்த காலத்துக்குள் ஓதத்தையும் பூசணத்தையும் வீட்டு உரிமையாளர் சரிசெய்ய வேண்டும் என்று 2023இல் அந்நாட்டில் வந்த சட்டப்பிரிவு அக்குழந்தையின் பெயராலேயே வழங்குகிறது. குளிர்நாட்டு வீடும் நம் வீடும் ஒன்றல்ல. ஆனால் மேலே வண்ணம் பூசிவிடுங்கள் என்ற அறிவுரை இரண்டு நாட்டிலும் ஒன்றாகவே ஒலிக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

வண்ணக்காரரை அழைக்குமுன் கறை இருக்கும் உயரத்தைப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை ஒரே வரியாக இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போடப்போட வீட்டு மட்டம் தாழ்ந்து, மழைநீர் சுவரடியில் தேங்கும் வீடுகளில் இது மிகுதி. இதை மறைக்கச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவது இப்போது பரவியுள்ள வைத்தியம்; அப்படிச் செய்தால் வெளியேற வழியின்றி ஈரம் டைல்ஸுக்கு மேல் ஏறிப் பூக்கிறது. சுவரடி மண்ணை வெட்டித் தாழ்த்தி, நீர் வெளியே ஓடச் சரிவு கொடுப்பதே முதற் சிகிச்சை.

கறை மேலிருந்து இறங்கினால் மாடியைப் பார்க்க வேண்டும். வேப்பிலைச் சருகு அடைத்த நீர்ப்போக்கி, கைப்பிடிச் சுவர் வெடிப்பு, நீர் தேங்கும் சன்ஷேடு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். அவற்றைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது மாடித் தொட்டி வழிந்து சுவரோடு இறங்கும் தண்ணீர். நாள்தோறும் மோட்டாரை நிறுத்த மறக்கும் வீட்டில் கோடையிலும் மழைக்காலம்தான். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் இடுப்பளவில் கறை இருந்தால் குழாயையோ டைல்ஸ் இணைப்புகளையோ ஐயுற வேண்டும். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அது இறங்கியிருந்தால் கசிவு உறுதி.

சில கறைகளுக்கு வெளித்தண்ணீர் காரணமில்லை. அறைக்குள் நாமே விடும் ஆவிதான் காரணம். சமையல் ஆவி, வெந்நீர்க் குளியல், மழைநாளில் அறைக்குள் கொடி கட்டி உலர்த்தும் துணி, ஒரே அறையில் நால்வர் விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் நீராகப் படிகின்றன. தகரக் கூரை வீடுகளில் மார்கழி விடியலில் கூரையின் உட்புறம் சொட்டுவது இதுவே. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும். ஓர் அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் மூடி இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் பின்புறம், சுவரைப் பார்க்கும் பக்கம் ஈரமானால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்க்கும் பக்கம் ஈரமானால் அது அறைக்காற்றின் ஆவி. இரண்டு பக்கமும் உலர்ந்திருந்தால் வண்ணம் பூசலாம்.

ஆவிதான் காரணம் என்றால் காற்றோட்டமே மருந்து. அடைமழையின் போது சன்னலைத் திறந்து வைத்து அறை உலரும் என்று எதிர்பார்க்க முடியாது. வெளிக்காற்றே அப்போது நனைந்திருக்கிறது. மழை விட்டு வெயில் வந்த நேரத்தில், முற்பகல் முதல் மாலைக்கு முன் வரை, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறப்பதே பயன் தரும். மற்ற நேரத்தில் மின்விசிறி மெதுவாகவேனும் சுழலட்டும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை அறையில் மாட்டிவைத்து, அளவு 60 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கலாம். நம் மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இதை நாங்கள் கற்பிக்க வேண்டியதில்லை. குளிர்ந்த மழைக்காலத்தில் புழுவைச் சுண்ணாம்புக்கட்டி நோய் தாக்கும் என்பதையும், அதுவும் ஒரு பூஞ்சை என்பதையும் அறிந்தவர்கள் அவர்கள். புழுமனையில் ஈரம் குறையச் சுண்ணாம்புத் தூள் தூவி, காற்று வர வழி விடுகிறார்கள். அதே வீட்டில் பிள்ளை பெற்ற தாயையும் முதியவரையும் மட்டும் சன்னல்களை அடைத்த அறையில் வைத்துச் சாம்பிராணிப் புகை போடுவதைத்தான் விளங்கிக்கொள்ள முடியவில்லை. புகை நாற்றத்தை மறைக்கும், பூசணத்தைக் கொல்லாது, குழந்தையின் மூச்சுக்குழலை மேலும் உறுத்தும்.

மார்கழியில் சுண்ணாம்பு, பங்குனியில் எமல்ஷன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு பொங்கல் வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் எச்சமாக வந்த மழையில், நமக்கு அருகிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டது. அதற்கும் அடுத்து வந்த பொங்கலுக்கும் இடைவெளி ஆறு வாரங்கள். முழுவதும் நனைந்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் உள்வரை உலரப் பல வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அப்படியானால் ஈரச்சுவரில் வெள்ளை அடிப்பதை நம் முன்னோர் ஏன் வழக்கமாக்கினார்கள்? அவர்கள் பூசியது சுண்ணாம்பு என்பதே விடை. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் நிறைந்தது; சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறி உலரும். நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். அளவில் 12ஐத் தாண்டும்; அதில் பூஞ்சை முளைப்பது அரிது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து அது மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாக மாறும் போது காரம் குறைந்துவிடும். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்தது அழகுக்காக மட்டும் அல்ல.

எமல்ஷன் வேறு பொருள். அது உலர்ந்ததும் மெல்லிய நெகிழிப் படலமாகிறது. உலர்ந்த சுவருக்கு அது நல்ல உடை, கழுவலாம், நீடிக்கும். ஈரச்சுவரில் பூசினால் உள்ளிருக்கும் நீர் எளிதில் வெளியேற முடியாமல் படலத்தைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. பழைய நாளில் புதுப்பொருளைப் பூசுவதே இன்றைய சிக்கல். எமல்ஷன்தான் வேண்டும் என்றால், மாசி கடந்து பங்குனி, சித்திரை வெயிலில் சுவர் காய்ந்த பிறகு பூசுங்கள். பொங்கலுக்கே செய்தாக வேண்டும் என்றால் ஓதமுள்ள அறைக்குச் சுண்ணாம்பே போதும்.

சுண்ணாம்பு முன்பே எமல்ஷன் பூசிய சுவரில் பிடிக்காது. பழைய படலத்தைச் சுரண்டி எடுத்த பிறகே ஒட்டும். ஒரு கிலோ கல் சுண்ணாம்புக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் நீற்றி, ஒரு நாள் வைத்திருந்து, துணியில் வடிகட்டிப் பூச வேண்டும். நீறும் போது அது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, கண்ணாடி அணிந்து செய்யுங்கள். தெறித்துவிட்டால் நல்ல தண்ணீரால் இடைவிடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு வாருங்கள். ஒட்டுவதற்காகக் கஞ்சி சேர்க்கும் பழக்கம் ஓதமுள்ள அறைக்கு வேண்டாம். சுண்ணாம்பின் காரம் தணிந்த பின் அது பூசணத்துக்குச் சோறாகும். பூஞ்சை எதிர்ப்பு வண்ணங்களிலும் குளியலறை வண்ணங்களிலும் பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது. ஆவி படியும் சுவருக்கு அவை உதவும். கசியும் சுவருக்கு உதவா.

வண்ணத்துக்கு முன் பூசணத்தை நீக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டுவதே மிகக் கெட்ட முறை. கோடிக்கணக்கான வித்துகள் அறையெங்கும் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை உறையிலிட்டுக் கட்டி எறிந்துவிடுங்கள். சிறிய கறைக்கு இதுவே போதும். கறை மிகுந்திருந்தால் 5 விழுக்காடு வலுவுள்ள பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 16 பங்கு கலந்து, சன்னல்களைத் திறந்து வைத்துத் தடவலாம். அதனுடன் கழிவறை ஆசிட், வினிகர், அம்மோனியா எதையும் சேர்க்கக் கூடாது; நச்சு வாயு எழும். ஆஸ்துமா நோயாளி உள்ள வீட்டில் பிளீச்சிங் வாடையே இழுப்பைக் கிளப்பலாம் என்பதால் சோப்பு நீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தோட்டத்துக்கு அடிக்கும் பூஞ்சாணக் கொல்லியை மீதம் இருக்கிறதே என்று சுவரில் அடிக்காதீர்கள். சுரண்டும் போது சுவரை நனைத்துக்கொண்டு, என்.95 முகக்கவசம் அணிந்து சுரண்டுங்கள். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வண்ணங்களில் ஈயத்துக்கு நம் நாட்டில் கடுமையான வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூள் குழந்தைகளுக்கு நஞ்சு. இந்த வேலைகளில் எதையும் நோயாளியோ கருவுற்றவரோ செய்யக் கூடாது. வேலை முடிந்து அறை உலரும் வரை அங்கே படுக்கவும் கூடாது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மாடியைச் சரிசெய்வது கைக்கு எட்டாத காரியம். நோயாளியை நாளையே அழைத்து வர வேண்டியவர்களுக்கும் நேரம் இல்லை. அவர்கள் அறைகளை மாற்றிக்கொள்ளலாம். ஓதமுள்ள அறை சாமான்களுக்கு இருக்கட்டும். வெயில் படும் அறை, சிறியதாயினும், கூடமேயாயினும், நோயாளிக்கு இருக்கட்டும். கட்டிலையும் பீரோவையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இடையில் காற்று ஓடும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர் சுவரோரம் தலை வைக்க வேண்டாம். மெத்தை, தலையணைகளை வெயில் வரும் நாளெல்லாம் வெளியே போடுங்கள். பூசணம் ஏறிய பஞ்சு மெத்தையைத் துவைத்துக் காப்பாற்ற முடியாது, அதைக் கழித்துவிடுவதே மேல்.

வீட்டில் இருக்கும் போது இருமல் கூடி, உறவினர் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கினால் தணிகிறதா என்று கவனியுங்கள். மருத்துவருக்கு அது பயனுள்ள செய்தி. ஆனால் எல்லாப் பழியையும் சுவரின் மேல் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை தேவை. முன்பு காசநோய் இருந்தவர் சளியில் இரத்தம் கண்டாலும், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவருக்குக் காய்ச்சல் வந்தாலும், குழந்தைக்கு மூச்சு விடும் போது விலாப்பக்கம் உள்வாங்கினாலும் அன்றே வர வேண்டும். இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் இளைப்பு அடங்காதவர்கள் அடுத்த முறை வரும் போது, படுக்கும் அறையின் சுவரைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்து.